வீட்டு முறியில் முதல் ஒலிப்பதிவு

கன்னியாகுமரி மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு பக்கத்தில் அறையை 'முறி' என்று சொல்வது வழக்கம். கணினியைக் கொண்டு வீட்டிலேயே முதன்முதலாக ஒலிப்பதிவு செய்ய நினைப்பவர், மென்பொருளைப் பற்றி விசாரிப்பதற்கு முன்னால் இந்த முறியைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும் என்பது பல பதிவுகளைக் கெடுத்த பிறகு நான் வந்து சேர்ந்த முடிவு. பதிவுப் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே இடம், நேரம், வாய்க்கும் மைக்குக்கும் இடையிலுள்ள தூரம் ஆகிய மூன்றையும் சரிசெய்துவிட்டால் மென்பொருளில் செய்வதற்குச் சொற்பமான வேலையே மிஞ்சும். அவற்றைக் கவனிக்காமல் விட்டால் எந்த மென்பொருளும் கைகொடுக்காது. ஆகையால் இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி கணினிக்கு வெளியே நடக்கிற காரியங்களைப் பற்றியதாகவே இருக்கும்.

முதல் பதிவுக்கு ஒரே ஒரு குரல் போதும். வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்த மாவட்டம் என்பதால், எடுத்த எடுப்பிலேயே வில், உடுக்கை, குடம், ஜால்ரா என்று ஒரு குழுவையே உட்கார வைத்துப் பதிவு செய்ய வேண்டும் என்ற ஆசை நம்மில் பலருக்கு வருகிறது. உடுக்கை ஓங்கி ஒலிக்கும்போது பக்கத்திலிருக்கும் குரல் அதில் அமிழ்ந்துபோகும் என்பதால், அது பல மைக்குகளையும் நல்ல பழக்கத்தையும் கேட்கிற வேலை. வீட்டிலிருக்கும் அம்மச்சி சொல்லும் பத்து நிமிடக் கதை ஒன்றிலிருந்து தொடங்குவதே நல்லது. கீழே சொல்லப்படும் எல்லாவற்றுக்கும் அந்தக் கதையையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்.

இடமும் நேரமும்

வீட்டிலுள்ள ஒவ்வொரு முறியிலும் நடுவில் நின்று ஒருமுறை ஓங்கிக் கைதட்டிப் பாருங்கள். தட்டிய ஒலி உடனே அடங்கினால் அது நல்ல இடம். 'டங்' என்று ஒரு வால் நீண்டால் அங்கே பதிவு செய்யக் கூடாது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் வேகத்தில் செல்வதால், மூன்றரை மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் பட்டுத் திரும்பி வர அதற்கு 20 மில்லி நொடியே ஆகிறது. இவ்வளவு குறுகிய இடைவெளியில் திரும்பும் ஒலி நம் காதுக்குத் தனி எதிரொலியாகக் கேட்பதில்லை. அது பேச்சோடு கலந்து, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோன்ற மங்கலை உண்டாக்கிவிடுகிறது. நேரில் கேட்கும்போது மூளை இதை ஒதுக்கிவிட்டுப் பேச்சை மட்டும் எடுத்துக்கொள்ளும், மைக் அப்படி ஒதுக்காது. பதிவில் ஒருமுறை ஏறிவிட்ட இந்த மங்கலை முழுமையாகப் பிரித்தெடுப்பது முடியாத காரியம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

சமீப காலத்தில் கட்டிய கான்கிரீட் வீடுகளில், வழவழப்பான டைல்ஸ் தரையும் வெறுமையான சுவர்களும் பெரிய ஜன்னல் கண்ணாடிகளும் சேர்ந்து இந்த மங்கலை அதிகமாக்குகின்றன. மரத்தட்டுப் போட்ட பழைய ஓட்டு வீடுகளில் மங்கல் குறைவு. ஆனால் ஓட்டு இடுக்கு வழியாகத் தெருவின் சத்தமெல்லாம் உள்ளே வந்துவிடும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் நான் ஓட்டு வீட்டையே எடுப்பேன், ஏனென்றால் தெரு ஓயும் நேரம் என்று ஒன்று உண்டு, டைல்ஸுக்கு அப்படியொரு நேரம் கிடையாது.

கான்கிரீட் வீடுதான் வாய்த்திருக்கிறது என்றால், கட்டிலும் மெத்தையும் துணி அலமாரியும் உள்ள படுக்கை முறியைத் தேர்ந்தெடுத்து, அலமாரிக் கதவுகளைத் திறந்துவைத்து, தரையில் ஜமுக்காளம் விரித்து, பேசுபவரின் முதுகுக்குப் பின்னால் ஒரு மெத்தையைச் சுவரோடு சாய்த்து நிறுத்துங்கள். பலரும் மைக்குக்குப் பின்னால்தான் போர்வையைத் தொங்கவிடுகிறார்கள். பேச்சுக்காக விற்கப்படும் மைக்குகளில் பெரும்பாலானவை தமக்கு முன்னால் இருப்பதையே அதிகமாகக் கேட்கும் என்பதால், பேசுபவருக்குப் பின்னாலுள்ள சுவரை மறைப்பதுதான் முதல் தேவை. முட்டை அடுக்கும் அட்டைகளைச் சுவரெல்லாம் ஒட்டும் வேலையில் இறங்காதீர்கள். அவை வெளிச்சத்தத்தைத் தடுப்பதில்லை, முறியின் எதிரொலியையும் பேருக்குத்தான் குறைக்கின்றன.

அடுத்தது நேரம். எங்கள் ஊரில் விடியற்காலை அமைதியாக இருக்கும் என்று நம்பி நான் ஏமாந்தேன். ரப்பர் வெட்டப் போகிறவர்களின் பைக், சேவல், கோவிலிலும் சர்ச்சிலும் ஒலிபெருக்கி, காகம் என்று ஐந்து மணிக்கு முன்பே ஊர் எழுந்துவிடுகிறது. இரவில் மனிதச் சத்தம் ஓய்ந்தாலும் சீவண்டுகளும், மழைக் காலத்தில் தவளைகளும் ஓய்வதில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரையுள்ள நேரம்தான் எனக்கு ஒத்துவந்தது. உங்கள் தெருவின் நேரம் வேறாக இருக்கலாம். ஒருநாள் முழுவதும் மணிக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் கண்ணை மூடி உட்கார்ந்து, கேட்டவற்றைத் தாளில் குறித்துப் பார்த்தால் அது தெரிந்துவிடும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. தகரக் கூரையின்மேல் மழை விழும்போது பதிவு செய்ய முயல்வது வீண். ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கத்தில் கணவாய்க் காற்று கதவு ஜன்னல்களை உலுக்கும் என்பதால் அந்தப் பகுதியில் இருப்பவர்கள் காற்றுக்கு எதிர்ப்புறமுள்ள முறியைத் தேட வேண்டும். குளச்சல், மணவாளக்குறிச்சி போன்ற கடற்கரை ஊர்களில் அலையோசையை அடைக்க வழியில்லை. அந்த ஊர்க்காரர் ஒருவரின் பேச்சுக்குப் பின்னால் அது மெலிதாக இருந்தால் நான் அதைக் குறையாக எண்ணுவதில்லை.

வீட்டுக்குள் இருக்கும் சத்தங்கள் இன்னும் மோசமானவை, பழகிப்போனதால் அவை நம் காதில் விழுவதே இல்லை. மின்விசிறியை நிறுத்துங்கள். சோக் வைத்த பழைய டியூப்லைட்டை அணையுங்கள். ஃபிரிட்ஜையும் நிறுத்த வேண்டும். நிறுத்தியதை மறந்தால் உள்ளே இருக்கும் மீன் நாறிப்போகும் என்பதால், பைக் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள், அதை எடுக்காமல் வீட்டைவிட்டுக் கிளம்ப முடியாது. மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிடுவது நல்லது. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று அலைவதால் 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் ஒரு ரீங்காரம் கம்பிகள் வழியாகப் பதிவுக்குள் நுழைவதுண்டு, சார்ஜரைக் கழற்றினால் பெரும்பாலும் அது போய்விடும். முன்கூட்டியே முழுவதும் சார்ஜ் ஏற்றி வைத்திருந்தால் இடையில் கரண்ட் போனாலும் கவலையில்லை.

மைக்

தொடக்கத்தில் பெரிய செலவு வேண்டாம். செல்பேசியோடு வந்த கம்பி இயர்போனில் இருக்கும் மைக்கூட மடிக்கணினிக்குள் பதிந்திருக்கும் மைக்கைவிட நன்றாக இருக்கும், ஏனென்றால் அதை வாய்க்கு அருகில் கொண்டுவர முடியும். மடிக்கணினி மைக்கோ தன் சொந்த விசிறியின் இரைச்சலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இயர்போன் முனையில் மூன்று வளையங்கள் இருந்தால்தான் அதில் மைக் உண்டு, இரண்டு மட்டும் இருந்தால் அது வெறுமனே கேட்பதற்கானது. பழைய கணினிகளில் கேட்பதற்கும் பேசுவதற்கும் தனித்தனித் துளைகள் இருக்கும். அவற்றுக்கு, ஒரு முனையை இரண்டாகப் பிரிக்கும் சிறிய இணைப்புக் கம்பி தேவைப்படும். புளூடூத் இயர்போனைத் தவிர்த்துவிடுங்கள். அதன் மைக்கைப் பயன்படுத்தத் தொடங்கியதும் அது பொதுவாகத் தொலைபேசி உரையாடலுக்கான தரத்துக்கு இறங்கிவிடும். தொடர்ந்து பதிவு செய்யும் எண்ணம் இருந்தால் யுஎஸ்பி மைக் ஒன்றை வாங்கலாம், அதற்குத் தனிக் கருவி எதுவும் வேண்டாம். 48 வோல்ட் மின்சாரம் கேட்கும் கன்டென்சர் மைக்கும் அதைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் பெட்டியும் அதற்கு அடுத்த படி. சுற்றுச்சத்தத்தை நுணுக்கமாகப் பிடிக்கும் தன்மை அவற்றுக்கு அதிகம் என்பதால், அடக்கமில்லாத முறியில் அவை உபத்திரவமாகவே முடியும்.

தூரம் ஒரு சாண். இதைவிட எளிதாக நினைவில் நிற்கும் அளவு வேறில்லை. தூரத்தை இரண்டு மடங்காக்கினால் நேரடியாக வந்துசேரும் குரலின் அளவு 6 டெசிபல் (ஒலியளவின் அலகு) குறையும், முறியின் எதிரொலியோ ஏறக்குறைய அப்படியே இருக்கும். அம்மச்சி பின்னால் சாயச் சாயப் பதிவில் முறியின் பங்கு கூடிக்கொண்டே போவதற்குக் காரணம் இதுதான். ஆட்டமில்லாத நாற்காலியில் அவரை வசதியாக உட்கார வைத்து, அவர் இயல்பாக இருக்கும் நிலைக்கு மைக்கைக் கொண்டுபோக வேண்டுமே தவிர, மைக் இருக்கும் இடத்துக்கு அவரை வளைக்கக் கூடாது. மைக்கை வாய்க்கு நேர் எதிரே வைக்காமல், கன்னத்தின் பக்கம் சற்று விலக்கி வாயை நோக்கித் திருப்பிவைத்தால், 'பாட்டு', 'பட்டணம்' என்ற சொற்களின் தொடக்கத்தில் வரும் காற்று மைக்கில் மோதி 'புப்' என்று வெடிக்காது. கண்ணாடி வளையல்களைக் கழற்றிவைக்கச் சொல்லுங்கள். மேசையில் மைக் நிற்கிறது என்றால் நான்காக மடித்த துண்டு ஒன்றை அதன் அடியில் போடுங்கள்.

மென்பொருள்

ஆடாசிட்டி என்ற மென்பொருளையே நான் பரிந்துரைக்கிறேன். அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனி, ரோஜர் டானன்பர்க் ஆகிய இருவரும் தொடங்கிய இது 2000-ஆம் ஆண்டில் பொதுவில் வெளியானது. காசு கொடுக்க வேண்டியதில்லை, மூலநிரலும் திறந்திருக்கிறது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஆடாசிட்டியின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளுங்கள். தேடினால் முதலில் வந்து நிற்கும் விளம்பரச் சுட்டிகளைத் தொட வேண்டாம்.

மைக்கைக் கணினியில் செருகிய பிறகே மென்பொருளைத் திறக்க வேண்டும், இல்லையென்றால் அந்த மைக் பட்டியலில் தென்படாமல் போகலாம். ஆடியோ செட்டப் என்ற இடத்தில் பதிவுக் கருவியாக உங்கள் மைக்கைத் தேர்ந்தெடுங்கள். இதை மறந்துவிட்டு, விலை கொடுத்து வாங்கிய மைக்கை முன்னால் வைத்துக்கொண்டு மடிக்கணினி மைக்கிலேயே பதிவு செய்தவர்கள் ஏராளம், நானும் அவர்களில் ஒருவன். மைக்கின் மேல் விரலால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். திரையிலுள்ள அளவுமானி துள்ளினால் சரியான மைக்தான். எந்த அசைவும் இல்லையென்றால், விண்டோஸின் பிரைவசி அமைப்பில் மைக்கைப் பயன்படுத்த அனுமதி கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சேனலை மோனோ என்று வையுங்கள். ஒரு வாய்க்கு ஒரு தடம் போதும், ஸ்டீரியோவால் கோப்பு பருக்குமே தவிர வேறு பயனில்லை. சாம்பிள் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளந்து மாதிரி எடுப்பது என்பது, 44,100 ஹெர்ட்ஸாக இருக்கட்டும். மனிதக் காது அதிகபட்சமாக ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், ஓர் ஒலியைக் குறையில்லாமல் மீட்டெடுக்க அதன் அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கு மேல் மாதிரிகள் வேண்டும் என்ற கணக்கில் அமைந்த எண் அது. ஒவ்வொரு மாதிரியையும் எவ்வளவு நுணுக்கமாக எழுதுவது என்பதைக் குறிக்கும் 32 பிட் ஃப்ளோட் என்ற அமைப்பை மாற்ற வேண்டாம். இந்த அளவில் பத்து நிமிட மோனோ பதிவு வட்டில் ஏறத்தாழ 106 எம்பி இடம் பிடிக்கும்.

அடுத்து ஒலியளவு. அம்மச்சியைக் கதையில் சத்தம் கூடுகிற இடத்தை, பேய் வந்து கதவைத் தட்டுகிற இடத்தையோ எதையோ, ஒருமுறை சொல்லிக்காட்டச் சொல்லுங்கள். அளவுமானியின் உச்சம் அப்போது மைனஸ் 12 டெசிபலுக்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் இடையில் நிற்கும்படி மைக்கின் அளவைத் திருத்துங்கள். பூஜ்யம் என்பது கூரை. அதைத் தொடும் ஒலியலையின் தலை தட்டையாக வெட்டுப்பட்டு, கரகரப்பாக மாறிவிடும், வெட்டுப்பட்டதை ஒட்டுவதற்கு வழி கிடையாது. அளவு சற்றுக் குறைந்துவிட்டால் பின்னர் கூட்டிக்கொள்ளலாம் என்பதால், சந்தேகம் வரும்போது குறைத்தே வையுங்கள்.

பதிவு

முதலில் வெற்றுக் கோப்பைப் பெயரிட்டுச் சேமித்துவிடுங்கள். பிறகு சிவப்புப் பொத்தானை அழுத்தி, யாரும் பேசாமல் அசையாமல் 15 நொடி இருங்கள். இந்த வெறும் அமைதி பின்னால் இரண்டு காரியத்துக்குப் பயன்படும். அதன் பிறகு பெயர், ஊர், தேதி ஆகியவற்றை நீங்கள் சொல்லிவிட்டுக் கதையைத் தொடங்கச் சொல்லுங்கள்.

நடுவில் தடுமாறினாலோ இருமல் வந்தாலோ பதிவை நிறுத்த வேண்டாம். நிறுத்தி நிறுத்தித் தொடங்கினால் வயதானவர்களுக்குக் கதையின் ஓட்டம் போய்விடும், பிறகு அவர்கள் பேசுவது கதையாக இருக்காது, ஒப்புவித்தலாகத்தான் இருக்கும். தவறு நேர்ந்த இடத்தில் நீங்கள் ஒருமுறை கைதட்டிவிட்டு, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொல்லச் சொல்லுங்கள். தட்டல் திரையில் செங்குத்தான ஊசிபோல் தெரியும் என்பதால், பின்னால் வெட்டும்போது அந்த இடத்தைத் தேட வேண்டியிருக்காது. 'உம்' கொட்டாமல் கதை கேட்பது நமக்குப் பழக்கமில்லை. ஆனால் உங்கள் 'உம்' ஒவ்வொன்றும் பதிவில் ஏறும் என்பதால், தலையாட்டியே கேளுங்கள். சித்திரை, வைகாசி வெக்கையில் விசிறி இல்லாமல் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒருவரை உட்கார வைக்கக் கூடாது. இடைவேளை விட்டு, தண்ணீர் கொடுத்து, மீண்டும் தொடங்கும்போது அதே நாற்காலி, அதே ஒரு சாண் தூரம் என்பதை மட்டும் சரிபாருங்கள்.

முடிந்ததும் அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். "இது எனக்க சத்தம் இல்ல மக்களே" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். நம் குரலை நாம் கேட்கும்போது காற்றின் வழியாக மட்டுமல்லாமல் மண்டையோட்டு எலும்பின் வழியாகவும் அது உட்காதுக்குப் போகிறது, எலும்பு வழியே வரும் பங்கு குரலுக்குக் கனம் சேர்க்கிறது. பதிவில் அந்தப் பங்கு இல்லாததால் யாருக்கும் தன் குரல் மெலிந்து அயலாகவே படும். மைக்கில் கோளாறு என்று எண்ணி அமைப்புகளை மாற்றத் தொடங்கிவிடாதீர்கள்.

வெட்டும் வேலை

வேலையைத் தொடங்குமுன் மூலப் பதிவின் பிரதி ஒன்றைத் தனியாக எடுத்துவைத்துவிட்டு, இயர்போனை மாட்டிக்கொண்டு முழுவதையும் ஒருமுறை கேளுங்கள். கைதட்டிய இடங்களைத் தேடி, தவறான வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்து நீக்குங்கள். வெட்டு எப்போதும் இரண்டு சொற்களுக்கு இடையிலுள்ள அமைதியில் விழ வேண்டும். மூச்சு வாங்கும் ஒலிகளை நீக்க வேண்டாம், அவற்றை நீக்கிய பேச்சு இயந்திரம் பேசுவதுபோல் ஆகிவிடும். கதையின் நடுவில் ஒரு லாரி போனதால் நீக்கிய இடம் ஓட்டையாகத் தெரிந்தால், தொடக்கத்தில் எடுத்த 15 நொடி அமைதியிலிருந்து ஒரு துண்டை அங்கே ஒட்டுங்கள். கணினி தரும் சூனிய அமைதியை வைத்தால், கேட்பவர் பதிவே நின்றுவிட்டதாக நினைப்பார்.

மெல்லிய இரைச்சல் மிஞ்சியிருந்தால் நாய்ஸ் ரிடக்ஷன் என்ற வசதியைப் பயன்படுத்தலாம். முதலில் அதே அமைதித் துண்டைத் தேர்ந்தெடுத்து, கெட் நாய்ஸ் ப்ரொஃபைல் என்பதை அழுத்தினால் எது இரைச்சல் என்பதை மென்பொருள் கற்றுக்கொள்ளும். பிறகு முழுப் பதிவையும் தேர்ந்தெடுத்து, 6 டெசிபலில் தொடங்கி, போதவில்லையென்றால் 12 வரை போகலாம். அதற்கு மேல் போனால் குரல் தண்ணீருக்குள் இருந்து வருவதுபோல் குமிழியிடத் தொடங்கும். சுத்தமான அமைதியைவிடக் கெடாத குரல் முக்கியம் என்பது என் கட்சி. குறித்த அதிர்வெண்ணுக்குக் கீழுள்ள ஒலிகளைக் குறைக்கும் ஹை பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் வைத்தால், பேச்சுக்குத் தேவைப்படாத அடித்தளத்து உறுமல், காற்றின் மோதல், 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் ஆகியவை பெரிதும் குறையும். கடைசியாக, முழுப் பதிவின் சராசரி ஒலியளவைச் சரிசெய்யும் லௌட்னஸ் நார்மலைசேஷனில் மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (அந்த ஒலியளவின் அலகு) என்று கொடுத்தால் செல்பேசியில் கேட்கப் போதுமான அளவுக்கு ஒலி உயரும், உச்சங்கள் கூரையைத் தொடவில்லை என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். எதிரொலி சேர்க்கும் ரிவெர்ப் வசதியைத் தொடவே வேண்டாம், அதை ஒழிக்கத்தானே மெத்தையைச் சுமந்தோம்.

கோப்பு

ஆடாசிட்டி சேமிக்கும் ப்ராஜெக்ட் கோப்பு வேறு, மற்றவர்கள் கேட்கக்கூடிய ஒலிக்கோப்பு வேறு. என் முதல் பதிவை வளைகுடாவில் இருக்கும் சித்தப்பாவுக்கு அனுப்பியபோது இந்த வேறுபாடு எனக்குத் தெரியாததால், அவர் தன் செல்பேசியில் திறக்கவே முடியாத ஒரு கோப்பை இரண்டு நாள் தட்டிப் பார்த்திருக்கிறார். எக்ஸ்போர்ட் ஆடியோ என்ற கட்டளையின் வழியாக இரண்டு கோப்புகளை எடுங்கள். ஒன்று பாதுகாத்து வைப்பதற்கான வேவ் கோப்பு, 16 பிட்டில் பத்து நிமிடத்துக்கு ஏறத்தாழ 53 எம்பி. மற்றொன்று அனுப்புவதற்கான எம்பி3, 128 கேபிபிஎஸ் வேகத்தில் பத்து நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 எம்பி.

கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதியை முதலில் எழுதி, பிறகு சொன்னவர் பெயரும் கதையின் பெயரும் வந்தால் கோப்புகள் தாமாகவே கால வரிசையில் அடுக்கிக்கொள்ளும். ப்ராஜெக்ட் கோப்பு, மூலப் பிரதி, வேவ் ஆகியவற்றைக் கணினியில் ஒன்றும் வெளி வட்டில் ஒன்றுமாக இரண்டு இடங்களில் வையுங்கள். எம்பி3-ஐக் குடும்பத்துக்கு வெளியே அனுப்புவதற்கு முன்பு அம்மச்சியிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். கதைக்கு நடுவே பழைய சொத்து வழக்கோ யாருடைய கல்யாணமோ ஒரு வரி வந்திருக்கும், அதை வெளியே விட அவருக்கு மனம் இருக்காது. அந்த வரியை எம்பி3-இல் மட்டும் நீக்கிவிட்டு, மூலப் பிரதியை அப்படியே வையுங்கள்.